வீடு வாங்குமுன்

சேமித்த பொருளை முதலிட்டு வாடகைக்கு விடும் நோக்குடன் யாழ்ப்பாணத்தில் வீடு வாங்க விழைவோர், சுவரின் வண்ணத்தை நோக்குமுன் உறுதியின் வாசகத்தை நோக்குதல் வேண்டும்.

எனது நண்பரொருவர் நான்கு பரப்புக் காணியையும் அதிலுள்ள கல்வீட்டையும் கண்டு மகிழ்ந்தார். உறுதியிலோ ‘பிரிபடாத அரைப்பங்கு’ என்றிருந்தது. மறுபாதிக்குரியவர் கடல் கடந்து வாழ்பவர். தேசவழமைக்குட்பட்ட ஆதனம் விற்கப்படுமிடத்து, அதனை முதலில் வாங்கும் உரிமையைக் கூட்டுரிமையாளருக்கும் விற்பவரின் உரித்தாளருக்கும் 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அளிக்கின்றது. நண்பர் இதனைப் பொருட்படுத்தாது உறுதி முடித்தார். வாடகை வருமுன் மறுபங்காளரின் வழக்கு வந்தது. அது முடிவதற்குள் அவரது சேமிப்பிற் பெரும்பகுதி கரைந்துவிட்டது.

ஆதலின், விற்பவருக்கு ஆதனம் வந்த வழியை முதலில் ஆராய்க. ஈடு, வழக்கு முதலியன பதிவாகியுள்ளனவா எனக் காணிப் பதிவகத்தில் தேடுவிக்க. கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுத்தில் உள்ளனவா எனப் பார்க்க. நொத்தாரிசு முன்னிலையில் முடித்த உறுதியைத் தாமதியாது பதிவு செய்க. பிந்திய உறுதியொன்று முந்திப் பதிவாகுமாயின், உங்கள் உறுதி வலுவிழத்தல் கூடும். பதிவுச் செலவை ஒத்திப்போடுதல் சிக்கனமன்று.