நியூட்ரல் வேறு, எர்த் வேறு

மூன்று ஃபேஸ் மோட்டார் ஓட நியூட்ரல் தேவையில்லை. ஆனால் இரவில் தண்ணீர் பாய்ச்ச மோட்டார் கொட்டகையில் ஒரு பல்பு வேண்டுமே! நியூட்ரலைத் தனியாக இழுத்து வருவது வீண் செலவென்று, பல்புக்கு ஒரு ஃபேஸையும் எர்த் கம்பியையும் கொடுத்துவிடுகிறார்கள். பல்பு நன்றாகவே எரிகிறது. வினையும் அங்கேதான்.

மோட்டார் உடலும் ஸ்டார்ட்டர் பெட்டியும் அதே எர்த் கம்பியில் கட்டப்பட்டவை. எர்த் குழாயருகே துரு ஏறிக் கம்பி விட்டுப்போனால், பல்பு வழியாக வரும் 230 வோல்ட் மண்ணில் இறங்க வழியின்றி மோட்டார் உடலில் வந்து நிற்கும். பல்பும் அணைந்துவிடும். பியூஸ் போயிற்றோ என்று ஈரக் காலோடு ஸ்டார்ட்டரைத் தொடுகிறவர் வழியே மின்சாரம் மண்ணுக்கு இறங்கும். 60 வாட் குண்டு பல்பு இழுப்பது கால் ஆம்பியர்தான். ஆளைக் கொல்ல அவ்வளவுகூட வேண்டாம்.

வீட்டிலும் இதே கதைதான். இரண்டே கம்பி ஓடிய பழைய வீடுகளில் கிரைண்டருக்காக மூன்று துளை பிளக் வைக்கும்போது, எர்த் துளையை நியூட்ரலோடு ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுகிறார்கள். டிரான்ஸ்பார்மரடியில் நியூட்ரல் மண்ணோடு இணைந்ததுதானே என்பது அவர்கள் வாதம். அங்கே சரி. ஆனால் கம்பத்துக்கும் வீட்டுக்கும் இடையே நியூட்ரல் அறுந்தால், எரியும் விளக்கு வழியாக ஃபேஸ் வந்து கிரைண்டர் உடலில் ஏறும். நியூட்ரல் ஓயாமல் உழைக்கும் கம்பி. எர்த் விபத்து நேரும் ஒரு நொடிக்காகச் சும்மா காத்திருக்க வேண்டிய கம்பி.

பியூஸ் காப்பாற்றும் என்று நம்புவதும் தவறு. கோடையில் மண் காய்ந்து எர்த்தின் தடை 20 ஓம் ஆகியிருந்தால், கசிவு 11.5 ஆம்பியர்தான். 15 ஆம்பியர் பியூஸ் போகாது. இரண்டரை மீட்டர் துத்தநாகம் பூசிய குழாய், கரி, உப்பு, கோடையில் அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர்: மோட்டார் விலையோடு பார்த்தால் இது ஒரு செலவா? இதில் சிக்கனம் பிடிப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்சையும் உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு பொருத்துங்கள். எர்த்தில் பல்பு எரியும் கொட்டகையில் அது உடனே விழுந்துவிடும். சுவிட்ச் சரியில்லை என்று கழற்றி எறிய வேண்டாம். பல்பை நியூட்ரலுக்கு மாற்றச் சொல்லுங்கள்.