“அளவான குடி” யாருக்கு லாபம்?

“அளவாகக் குடித்தால் உடம்புக்கு நல்லது, இருதயம் பலப்படும்” என்ற பேச்சு பஞ்சாலை வாசலிலும் கேட்கிறது, களத்து மேட்டிலும் கேட்கிறது. இடுப்பொடிய உழைத்துவிட்டு இதைச் சொல்லும் தொழிலாளியை நாம் குறை கூறவில்லை. இந்தப் பேச்சு எங்கே உற்பத்தியாயிற்று என்றுதான் கேட்கிறோம்.

சிறிதளவு குடிப்பவர்கள், குடிக்காதவர்களைவிட அதிக நாள் வாழ்வதாகச் சில ஆராய்ச்சிகள் கூறியது உண்மை. ஆனால் அங்கே “குடிக்காதவர்” யார்? நோய் முற்றிக் குடியை நிறுத்தியவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்திருந்தனர். “அளவாகக் குடிப்பவர்” யார்? பெரும்பாலும் மேல்நாட்டில் வசதி படைத்தவர். நல்ல சாப்பாடும் ஓய்வும் வைத்தியமும் உடையவர். வசதி தந்த ஆயுளை மதுக் கிண்ணத்தின் கணக்கில் எழுதிவிட்டார்கள்!

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். தினம் ஒரு கிண்ணம் மது இருதயத்தைக் காக்குமா என்று அறிய, அந்நாட்டு சர்க்காரின் சுகாதார ஆராய்ச்சி நிலையம் 10 கோடி டாலரில் ஒரு பரிசோதனை தொடங்கிற்று. பணத்தில் பெரும்பகுதியைத் தர முன்வந்தவர்கள் ஹைனெக்கன், கார்ல்ஸ்பெர்க் முதலான மது முதலாளிகள்! பாலுக்குப் பூனை காவல். அதிகாரிகள் விதியை மீறி அவர்களை நாடியது அம்பலமானதும், 2018 ஜூனில் பரிசோதனையே கைவிடப்பட்டது.

மது புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1988-லேயே அறிவித்துவிட்டது. ஆபத்தில்லாத அளவு என ஒன்றில்லை என்று 2023-ல் உலக சுகாதார ஸ்தாபனம் கூறியது. ஒரு கிண்ணம் குடித்தவன் நாளையே சாவான் என்று நாம் பயமுறுத்தவில்லை. அளவு குறைந்தால் ஆபத்தும் குறையும். ஆனால் நம் ஊர் “அளவு” எது? 180 மில்லி குவார்ட்டர் பிராந்தி, அமெரிக்கக் கணக்கில் நாலு கிண்ணத்துக்கும் மேல்! அதோடு பீடியோ புகையிலையோ சேர்ந்தால் வாய், தொண்டைப் புற்றுநோயின் அபாயம் பல மடங்கு.

டாஸ்மாக் மூலம் 2023-24-ல் தமிழக சர்க்காருக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் பெரும்பகுதி உழைப்பவன் கூலி. அந்தப் பணத்திலிருந்து ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் குடிநோய்க்கு இலவச வைத்தியம் வேண்டும் என்று கோருகிறோம். நெடுநாள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். உயிருக்கே ஆபத்து நேரலாம். அப்படிப்பட்ட தோழரை வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.