சொந்த எஞ்சினும் பகிரங்கக் கணக்கும்

விமானம் ஓட்டக் கற்கும் இளைஞர்களுக்கென்று பெங்களூர் தேசிய விமானவியல் ஆராய்ச்சிச் சாலையார் சமைத்த 'ஹன்ஸா' என்னும் இருவர் அமரும் சிறு விமானத்தின் புதிய உருவம், 2022-ஆம் ஆண்டில் கடல்மட்டத்துப் பரீட்சைக்காகப் புதுச்சேரிக்குப் பறந்து வந்தது நேயர்கள் சிலருக்கு ஞாபகமிருக்கலாம். 2025-ஆம் ஆண்டில் அதைத் தனியார் கம்பெனி ஒன்று உற்பத்தி செய்து விற்பதற்கு உரிமம் வழங்கப்பட்டது. சந்தோஷிக்கத் தக்க விஷயமே. ஆயினும் அந்த விமானத்தின் மூக்கிலுள்ள எஞ்சின் ஆஸ்திரிய தேசத்து ராடாக்ஸ் கம்பெனியார் செய்தது. 1958-ஆம் ஆண்டில் முதன்முதலாய்ப் பறந்த 'புஷ்பக்' விமானத்திலும் அமெரிக்கக் காண்டினெண்டல் எஞ்சின்தான் இருந்தது. இத்தனை வருஷங்களாய் இறக்கையையும் உடலையும் நாம் செய்கிறோம். அவற்றை இழுத்துச் செல்லும் யந்திரத்துக்கு மட்டும் அந்நியரிடம் கை நீட்டுகிறோம்.

விலை கொடுத்தால் கிடைக்கும் பொருளுக்கு இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. விலை கொடுத்தாலும் கிடைக்காத காலம் வரும் என்பதே நமது பதில். 2020-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், நகோர்னோ-கராபாக் யுத்தத்தில் துருக்கியின் ஆளில்லா விமானங்களில் ராடாக்ஸ் எஞ்சின்கள் இருப்பது வெளிப்பட்டவுடன், அக்கம்பெனியின் எஜமானர்களான கனடியர்கள், உபயோகம் இன்னதென்று தெளிவாகாத தேசங்களுக்கு விமான எஞ்சின் அனுப்புவதை நிறுத்தி வைத்தனர். அந்த முடிவு தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. அதற்குத் தக்க நியாயம் இருந்தது. ஆனால் நியாயமான காரணத்துக்காக மூடக்கூடிய கதவு வேறு காரணத்துக்காகவும் மூடக்கூடும். மேற்சொன்ன காண்டினெண்டல் கம்பெனியோ 2011-ஆம் ஆண்டிலிருந்து சீன சர்க்காரின் விமானக் கார்ப்பரேஷனுக்குச் சொந்தம். அமெரிக்கச் சரக்கு என்று நாம் நினைத்து வாங்குவதன் லாபம் எங்கே போய்ச் சேருகிறது என்பதைச் சற்று யோசித்துக் கொள்ளலாம்.

ஆகவே சிறு விமானத்துக்குச் சொந்தமாய் ஓர் எஞ்சின் செய்தால் என்ன? செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாகாணத்தில் கரும்பு வயல்களுக்கும் ரம் சாராயத்துக்கும் பெயர் பெற்ற பண்டபர்க் என்ற சிற்றூரில், 1988-ஆம் ஆண்டு ராட்னி ஸ்டிஃப், ஃபில் எயின்ஸ்வொர்த் என்ற இருவர் 'ஜபிரு' என்னும் விமானக் கம்பெனியைத் தொடங்கினர். ஜபிரு என்பது அந்நாட்டு நாரையின் பெயர். அவர்கள் கட்டிய சிறு விமானத்துக்கு இத்தாலியிலிருந்து எஞ்சின் வந்து கொண்டிருந்தது. விமானத்துக்கு அத்தாட்சி கிடைத்துச் சில காலமே ஆகியிருந்த சமயத்தில், இத்தாலியக் கம்பெனி அந்த எஞ்சினைச் செய்வதை நிறுத்திவிட்டது. விமானம் இருக்கிறது, வாங்குவோரும் இருக்கிறார்கள், எஞ்சின் இல்லை. வேறு வழியின்றி 1990-களின் முற்பகுதியில் அவர்கள் தாமே எஞ்சின் செய்யத் துணிந்தனர். முதலில் 1600 சி.சி. எஞ்சின் ஒன்று, பிறகு நான்கு சிலிண்டர்கள் கொண்ட 2200 சி.சி., அதன்பின் ஆறு சிலிண்டர்கள் கொண்ட 3300 சி.சி. எஞ்சின்கள் வெளிவந்தன.

இவை யாவும் காற்றினால் குளிரும் எஞ்சின்கள். மோட்டார் காரில் இருப்பது போல் ரேடியேட்டரும் தண்ணீர்க் குழாய்களும் இவற்றில் இல்லை. சிலிண்டரின் வெளிப்புறத்தில் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காய் நிற்கும். எதிர்க்காற்று அவற்றினிடையே பாய்ந்து உஷ்ணத்தை வாரிக்கொண்டு போகும். பாரம் குறைவு, ஒழுகக்கூடிய தண்ணீர் இல்லை, கெட்டுப்போக உறுப்புகளும் சில. ராடாக்ஸ் 912 எஞ்சினின் ஆரம்ப வகை 1211 சி.சி. கன அளவிலேயே 80 குதிரைச் சக்தியைத் தருவது; ஆனால் அதற்கு நிமிஷத்துக்கு 5800 சுற்று வரை சுழல வேண்டும், அந்த வேகத்தைக் குறைத்துக் காற்றாடிக்குக் கொடுக்கப் பற்சக்கரப் பெட்டியும், சிலிண்டர்த் தலைகளுக்குத் தண்ணீரும் வேண்டும். பண்டபர்க்கார் ஏறக்குறைய அதே சக்தியை 2200 சி.சி.யில், 3300 சுற்றில், காற்றாடியை நேரே தண்டில் மாட்டி எடுத்தார்கள். பெரிய கம்பெனியின் தந்திரங்களுக்கு வசதியில்லாத சிறு பட்டறைக்கு இதுவே ஏற்ற வழி.

அவர்கள் செய்த மற்றொரு காரியத்தை நமது கைத்தொழில் முதலாளிகள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். எஞ்சின் செய்வதென்றால் முதலில் வார்ப்படச் சாலையும், அச்சுகளும், ஆயிரக்கணக்கில் விற்பனையும் வேண்டும் என்பது பொது அபிப்பிராயம். இவர்களோ வார்ப்படத்தையே ஒதுக்கிவிட்டு, கணிப்பொறி நடத்தும் கடைசல் யந்திரங்களைக் கொண்டு, எஞ்சினின் நடு உடற்கூட்டைத் திண்ணிய அலுமினியக் கட்டியிலிருந்தும், சிலிண்டர்களைக் குளிர்த்தகடுகளோடு சேர்த்து உருக்குத் தண்டிலிருந்தும் குடைந்தெடுத்தார்கள். கட்டியின் பெரும்பகுதி சுருளாய்ப் போயிற்று. ஆனால் பத்து எஞ்சினுக்கும் இந்த முறை கட்டும், நூறு எஞ்சினுக்கும் கட்டும். உறுப்பின் வடிவை மாற்ற வேண்டுமானால் அச்சை உடைத்தெறிய வேண்டியதில்லை. முதலுக்குத் தவிக்கும் தேசங்களுக்கு இது சாமானியமான பாடமன்று.

இவ்வளவும் புகழ்ச்சி. இனி, மறைக்கக் கூடாத பகுதிக்கு வருவோம்.

இந்த எஞ்சினில் எதிரெதிராய்ப் படுத்திருக்கும் சிலிண்டர்களை உடற்கூட்டோடு சேர்த்து இறுக்கிப் பிடிப்பவை, குறுக்கே ஊடுருவிச் செல்லும் நீண்ட போல்ட்டுகள். நிமிஷத்துக்கு 3000 சுற்றில் பறக்கும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் 1500 வெடிப்பு நிகழ்கிறது, மணிக்கு 90,000, ஆயிரம் மணி நேரம் பறந்தால் 9 கோடி. போல்ட் திருகியபடி இறுக்கமாய் இருக்கும் வரையில் இந்த அடி அதைப் பெரிதாகத் தாக்குவதில்லை. உஷ்ணத்தாலோ, பெட்ரோல் முறைகெட்டு வெடிப்பதாலோ இறுக்கம் தளர்ந்துவிட்டால், அத்தனை அடியும் போல்ட்டின் மேலேயே விழும். உலோகம் களைத்து, ஒரு நாள் முறியும். காற்றினால் குளிரும் எஞ்சினுக்கோ உஷ்ணமே பரம சத்துரு. மேலே ஏறும்போது எஞ்சின் முழுப் பலத்தோடு உழைக்கிறது. வேகம் குறைவாதலால் காற்று சொற்பமாய் வருகிறது. பின்வரிசைச் சிலிண்டருக்கு இன்னும் சொற்பம். விமானத்தைத் தாமே வீட்டில் கட்டிக் கொள்பவர்கள் ஆளுக்கொரு விதமாய் எஞ்சின் மூடியை அமைத்தால், காற்றின் வழியும் ஆளுக்கொரு விதமாகிறது. பயிற்சிப் பள்ளிகளிலோ நாள் முழுதும் ஏறுவதும் இறங்குவதுமே வேலை.

போல்ட்டுகள் முறிந்தன. வால்வுகள் கெட்டன. எஞ்சின்கள் வானத்தில் நின்றன. இலேசான விமானமாதலால் மிதந்தபடி ஏதேனும் ஒரு வயலில் இறங்கிவிடலாம்; எஞ்சின் நின்றால் உடனே மரணம் என்பதில்லை. ஆனால் கீழே வயல் இருக்க வேண்டும். வீடுகளோ காடோ இருந்தால்? ஓட்டுபவன் அன்றுதான் தனியே ஏறிய மாணவனாய் இருந்தால்?

2014-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஆஸ்திரேலிய சிவில் விமானப் பாதுகாப்பு அதிகாரிகள் ஓர் உத்தரவு பிறப்பித்தார்கள். ஜபிரு எஞ்சின் பூண்ட விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கலாம். ஜன நெருக்கமுள்ள இடங்களுக்கு மேல் செல்லலாகாது. எஞ்சின் நின்றால் மிதந்து பத்திரமாய் இறங்கக்கூடிய பாதையிலேயே போக வேண்டும். பிரயாணியும் தனியே பறக்கும் மாணவனும் 'அபாயம் எனக்குத் தெரியும்' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைக் கைக்கொண்டு எந்த வியாபாரி பிழைக்க முடியும்? உத்தரவை எதிர்த்துக் கம்பெனியாரும் விமானச் சொந்தக்காரர்களும் கூக்குரலிட்டனர். யோசனை சொல்லத் தந்த அவகாசம் போதாது, எந்தக் கணக்கை வைத்து இம்முடிவுக்கு வந்தீர்கள் என்பதை முழுமையாய்க் காட்டவில்லை, பராமரிப்பின் குறையை எஞ்சினின் தலையில் சுமத்துகிறீர்கள் என்பன அவர்கள் ஆட்சேபங்கள்.

வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு இந்த ஆட்சேபங்களில் முதலிரண்டின் பேரில் அநுதாபம் உண்டு. சாட்சியத்தைப் பிரதிவாதிக்குக் காட்டாமல் தீர்ப்பெழுதுவது எந்த தேசத்திலும் முறையன்று. பிரதிவாதி குற்றம் செய்தவனாகவே இருந்தாலும் முறை முறையே. சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் தங்களுக்குத் தெரிந்தது போதும் என்று நினைக்கும் மனோபாவம் பண்டபர்க்கில் மட்டும் உள்ளதா என்ன!

ஆனால் மூன்றாவது ஆட்சேபம் நிலைக்கவில்லை. உத்தரவு பிறந்து ஓராண்டுக்குப் பின், 2016-ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணைச் சபையார் தங்கள் ஆராய்ச்சியை அச்சிட்டு எல்லோர் முன்பும் வைத்தனர். 2009 முதல் 2014 வரை ஆறு வருஷங்களில், 800 கிலோவுக்கு உட்பட்ட ஒற்றை எஞ்சின் விமானங்களில் 322 எஞ்சின் கோளாறுகள் பதிவாகியிருந்தன. அவற்றுள் ஜபிரு 130, ராடாக்ஸ் 87, லைகாமிங் 58, காண்டினெண்டல் 28. விமானங்களின் தொகையோடு ஒப்பிட்டால், ஜபிருவில் ஏறக்குறையப் பத்து விமானத்துக்கு ஒன்று. மற்ற மூன்றிலும் முப்பத்தைந்து, முப்பத்தாறுக்கு ஒன்று. பறந்த மணிகளைக் கொண்டு கணக்கிட்டாலும், மற்றெந்தக் கம்பெனியையும் விட இருமடங்குக்கு மேல். அந்தப் போல்ட்டு முறிவுகள் மட்டும் 21. பராமரிப்பு எல்லா எஞ்சினுக்கும் ஒரே தேசத்து மனிதர்கள் செய்ததுதானே? அது இவ்வளவு வித்தியாசத்தை விளக்கப் போதாது என்பதே நமது அபிப்பிராயம்.

இந்தக் கணக்கு எஞ்சினைக் கொன்றுவிடவில்லை என்பதே விஷயத்தின் சாரம். முக்கால் அங்குலத்தில் பாதியான போல்ட்டுக்குப் பதில், ஓர் அங்குலத்தில் பதினாறில் ஏழு பங்கு கனமுள்ள போல்ட் வந்தது. கம்பெனியின் அறிவுரைகளின்படி பராமரிக்கப்பட்ட எஞ்சின்களுக்கு 2016-ஆம் ஆண்டு ஜூலை முதல் தடைகள் பெரும்பாலும் நீக்கப்பட்டன. பிறகு புதிய தலைமுறை எஞ்சின் ஒன்றும் பண்டபர்க்கில் பிறந்தது. உண்மை தெரிந்தால் இன்ன இடத்தில் தவறு என்று கண்டு திருத்தலாம். ஆனால் அந்த உண்மை பதினைந்து வருஷம் முன்னதாக, கம்பெனியின் சொந்த முயற்சியால் வெளியாகியிருந்தால், பிரயாணியின் கையெழுத்து வாங்கும் அவமானமே நேர்ந்திராது.

அப்படிச் செய்தவர்களும் சரித்திரத்தில் இருக்கிறார்கள். 1925-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டி ஹாவிலண்ட் கம்பெனியார் 'மாத்' என்ற சிறு விமானத்தைப் பறக்கவிட்டபோது, அதற்கான 60 குதிரைச் சக்தி 'ஸிர்ரஸ்' எஞ்சினை ஃபிராங்க் ஹால்ஃபோர்டு என்பவர், யுத்தத்தில் மிஞ்சிய எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பாதியாக்கிச் சமைத்தார். மிஞ்சிய சரக்கு எத்தனை நாள் வரும்? அது குறையத் தொடங்கியதும் அவரைக் கொண்டே 1927-ஆம் ஆண்டில் 'ஜிப்ஸி' என்ற புது எஞ்சினைச் செய்துகொண்டார்கள். பண்டபர்க் கதையின் அதே ஆரம்பம். ஆனால் அடுத்த அடி வேறு. ஒரு ஜிப்ஸி எஞ்சினுக்கு முத்திரை வைத்து, உள்ளே யாரும் கை வைக்காதபடி 600 மணி நேரம் பறக்கவிட்டுப் பின்பு பிரித்தார்கள். தேய்ந்த உறுப்புகளை மாற்ற ஆன செலவு சுமார் 7 பவுன் என்று உலகுக்கு அறிவித்தார்கள். அந்த வம்சத்து ஜிப்ஸி எஞ்சின் பூண்ட 'புஸ் மாத்' விமானத்தில்தான் 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு வந்தார். அங்கிருந்து நெவில் வின்ஸென்ட் பல்லாரி வழியாய் நமது சென்னைக்கு அதைக் கொண்டு சேர்த்தார். அதுவும் காற்றினால் குளிர்ந்த எஞ்சின்தான்.

ஹன்ஸாவுக்குச் சுதேசி எஞ்சின் வேண்டும் என்று நாம் கேட்கிறோம், கேட்டுக்கொண்டே இருப்போம். அதற்குப் பணம் ஒதுக்கும்போது, வரைபடத்துக்கும் பட்டறைக்கும் கொடுப்பதோடு சர்க்கார் நிறுத்திக் கொள்ளக் கூடாது. முதல் பத்து எஞ்சின்களை ஓட்டியே தேய்த்துத் தீர்ப்பதற்கென்று தனித் தொகை வைக்க வேண்டும். பயிற்சிப் பள்ளிகளில் நேரும் ஒவ்வொரு கோளாறும், அற்பமானதாயினும், எத்தனை மணி பறந்த எஞ்சின், எந்த உறுப்பு, எந்த நிலையில் பறக்கும்போது என்ற விவரத்தோடு வருஷந்தோறும் அச்சாக வேண்டும். செய்தவனும், ஓட்டுபவனும், தன் பிள்ளையைப் பறக்க அனுப்பும் தகப்பனும் ஒரே காகிதத்தைப் படிக்கும்படி இருக்க வேண்டும். உற்பத்தி உரிமம் கொடுத்தாகிவிட்டது. ராடாக்ஸ் எஞ்சினோடு ஹன்ஸா பள்ளிகளுக்குச் செல்லும் முதல் நாளிலிருந்தே இந்தப் பதிவைத் தொடங்கிவிடலாம். அதற்குச் சுதேசி எஞ்சின் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை.