வரைபடத்தில் 12 சென்ட் குறைகிறதா?

கேள்வி: ‘‘பட்டாவில் எங்கள் நிலம் 0.40.50 ஹெக்டேர், அதாவது 1 ஏக்கர். புல வரைபடத்தை (எஃப்.எம்.பி) கம்ப்யூட்டர் சென்டரில் பிரிண்ட் எடுத்தோம். அதில் அளவு 1:2000 என்று இருக்கிறது. ஸ்கேல் வைத்து அளந்து கணக்குப் போட்டால் 88 சென்ட்தான் வருகிறது. பக்கத்துக் காட்டுக்காரர் மீதியைச் சேர்த்து உழுதுவிட்டார் என்று வீட்டில் சண்டை. செல்போன் மேப்பில் அளந்தால் வேறு கணக்கு வருகிறது. எதை நம்புவது?’’
- வாசகர், ஈரோடு மாவட்டம்.

பதில்: சண்டையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். குறைந்தது நிலமாக இல்லாமல் காகிதமாகவும் இருக்கலாம்.

1:2000 என்றால், படத்தில் 1 சென்டிமீட்டர் இருந்தால் தரையில் 2,000 சென்டிமீட்டர், அதாவது 20 மீட்டர். ஆனால், படம் சரியான அளவில் அச்சானால்தான் இந்தக் கணக்கு செல்லும். பிரிண்ட் எடுக்கும்போது ‘ஃபிட் டு பேஜ்’ என்று இருந்தால், ஓரத்தில் இடம் விடுவதற்காக கம்ப்யூட்டர் படத்தைச் சுருக்கிவிடும். படம் சுருங்கினாலும், மேலே எழுதியிருக்கும் 1:2000 அப்படியேதான் இருக்கும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். புல வரைபடத்தில் ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் மீட்டரில் எழுதியிருக்கும். ஒரு பக்கத்தில் 120 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1:2000 அளவில் அந்தக் கோடு 6 செ.மீ இருக்க வேண்டும். உங்கள் ஸ்கேல் 5.64 செ.மீ காட்டினால், படம் 94 சதவிகிதமாகச் சுருங்கியிருக்கிறது. 12,000 செ.மீட்டரை 5.64 ஆல் வகுத்தால் 2,128 வரும். ஆக, உங்கள் கையில் இருப்பது 1:2128 படம்.

நீளத்தில் 6 சதவிகிதம்தான் குறைவு. ஆனால், பரப்புக்கு நீளம், அகலம் இரண்டும் குறையும். 0.94 ஐ 0.94 ஆல் பெருக்கினால் 0.88. நூறு சென்ட் 88 சென்ட்டாகத் தெரிவது இப்படித்தான். ஏ3 தாளில் வர வேண்டிய படத்தை ஏ4 தாளில் அடக்கினால், பரப்பு சரிபாதியாகத் தெரியும். அதனால், பிரிண்ட் எடுக்கும்போது ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது 100 சதவிகிதம் என்று வைக்கச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் எடுத்தாலும் இதே கவனம் தேவை. எப்போதும் ஸ்கேல் அளவைவிட, படத்தில் எழுதியிருக்கும் மீட்டர் எண்களையே கணக்குக்கு எடுங்கள்.

அடுத்து, செல்போன் மேப். திரையில் இருப்பது புள்ளிகள். ஒரு புள்ளி தரையில் எத்தனை மீட்டர் என்பது மென்பொருளுக்குத் தெரியும். ஆனால், 1:2000 என்று சொல்ல, அந்தப் புள்ளி திரையில் எத்தனை மில்லிமீட்டர் என்றும் தெரிய வேண்டும். பல மென்பொருள்கள் 1 அங்குலத்துக்கு 96 புள்ளி என்று பொதுவாக வைத்துக் கணக்குப் போடுகின்றன. செல்போனில் அதைவிடப் பல மடங்கு நெருக்கமாகப் புள்ளிகள் இருக்கும். அதனால், திரையில் ஸ்கேல் வைத்து அளப்பது வீண் வேலை. மூலையில் ‘20 மீ’, ‘50 மீ’ என்று தெரியும் அளவுக்கோடுதான் துணை. படத்தைப் பெரிதாக்கினால் அதுவும் கூடவே மாறும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. இணைய வரைபடங்கள் பெரும்பாலும் 1569-ல் மெர்கேட்டர் வரைந்த முறையை ஒட்டியவை. உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும்போது, நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிப்போகப் போக இடம் பெரிதாகத் தெரியும். ஈரோடு பக்கம் நீளத்தில் 2 சதவிகிதம், பரப்பில் 4 சதவிகிதம் கூடும். நல்ல செயலிகள் இதைத் திருத்தியே காட்டும். திருத்தாத மென்பொருளில் 100 சென்ட் 104 சென்ட் ஆகிவிடும். வரப்போரம் நடந்து ஜி.பி.எஸ் மூலம் அளந்தாலும் சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும். சொட்டுநீர்க் குழாய் எவ்வளவு வாங்குவது, எத்தனை கன்று நடுவது என்று தோராயமாகப் பார்க்க இது போதும். வேலிக்கல் நட இது போதாது.

சோதித்த பிறகும் சந்தேகம் இருந்தால், கட்டணம் கட்டி, நிலத்தை அளந்து எல்லை காட்டக் கேட்டு மனு கொடுங்கள். நில அளவர் வரும் நாளில் பக்கத்துக் காட்டுக்காரரையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இருவர் முன்னிலையில் சர்வே கல்லிலிருந்து அளந்து காட்டும் எல்லைதான் பேச்சுக்கு நிற்கும். அதுவரை வரப்பை யாரும் வெட்ட வேண்டாம்.