நாட்டுத் தக்காளி... நிஜமாகவே நாட்டுத் தக்காளிதானா?

“நாட்டுப் பழம் வேணுங்களா, பெங்களூர் பழம் வேணுங்களா?”

திருப்பூரில் தக்காளி வாங்கப் போகும் யாருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை சந்தை என்பதுதான் பனியன் கம்பெனிக் குடும்பங்களின் கணக்கு. ஒரு வாரச் சம்பளத்தில் ஒரு வாரக் காய்கறி. அதில் தக்காளிக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. ரசம் வைக்க நாட்டுப் பழம், குழம்புக்கும் நாலு நாள் வைத்திருக்கவும் பெங்களூர் பழம் என்று வாங்குகிறோம்.

ஆனால் ‘நாட்டு’ என்று சொல்லி நம் பையில் விழுவது உண்மையிலேயே நாட்டு ரகம்தானா? அதில் சத்து கூடுதல் என்று சொல்வது சரியா? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

வடிவம் வேறு, விதை வேறு

முட்டை வடிவம், கெட்டித் தோல், நிறைய சதை, குறைந்த புளிப்பு... இது பெங்களூர் தக்காளி. தட்டை உருண்டை, மெல்லிய தோல், நிறைய சாறும் விதையும், நல்ல புளிப்பு... இது நாட்டுத் தக்காளி. சந்தையில் பிரிப்பது இப்படித்தான். இது வடிவத்தையும் ருசியையும் வைத்துச் சொல்லும் பெயர். உருண்டையாக, புளிப்பாக இருக்கும் ஹைபிரிட் ரகங்களும் உண்டு. அவையும் ‘நாட்டு’ என்ற பெயரிலேயே தராசில் ஏறுகின்றன.

உண்மையான வித்தியாசம் விதையில் இருக்கிறது. பாரம்பரிய ரகத்தின் பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டால், தாயைப் போலவே பிள்ளையும் வரும். தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் என்பதால் இது எளிது. ஹைபிரிட் பழத்தின் விதையைப் போட்டால் ஒரு செடி ஒரு மாதிரியும் இன்னொரு செடி வேறு மாதிரியும் காய்க்கும். அதனால் ஒவ்வொரு பட்டத்துக்கும் விதை பாக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கியாக வேண்டும்.

இன்னொரு விஷயம்... தக்காளியே வந்த விருந்தாளிதான். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியில் தோன்றி, மெக்சிகோவில் பயிராகி, போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியா வந்தது. அதற்கு முன்பே நம்மிடம் மணத்தக்காளியும், பிள்ளைகள் நெற்றியில் அடித்து வெடிக்கும் சொடக்குத் தக்காளியும் இருந்தன. அந்தப் பெயரைத்தான் புதிதாக வந்த பழத்துக்கும் வைத்தோம். வந்த பழத்தை அந்தந்த ஊர் விவசாயிகள் விதை எடுத்து, விதை எடுத்து, அந்தந்த ஊர் மண்ணுக்கும் வெயிலுக்கும் பழக்கினார்கள். அப்படிப் பழகியவைதான் நம் நாட்டு ரகங்கள்.

அன்னஞ்சி தந்த பழம்

அப்படி ஒரு ரகம் தேனி பக்கத்து ‘அன்னஞ்சி’. ஊர்ப் பெயரே ரகத்தின் பெயர். பெரியகுளம் தோட்டக்கலை ஆராய்ச்சியாளர்கள் அதில் சடுதி மாற்றத்தைத் தூண்டி, அதிலிருந்து தேர்ந்தெடுத்த ரகம்தான் பி.கே.எம்.1. பி.கே.எம். என்றால் பெரியகுளம். இது ஹைபிரிட் அல்ல, மரபணு மாற்றுப் பயிரும் அல்ல. விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

தட்டை உருண்டையான இந்தப் பழத்தின் காம்புப் பக்கம், காயாக இருக்கும்போது கரும்பச்சையாக இருக்கும். ‘பச்சைத் தோள்’ என்று சொல்வார்கள். பழுத்த பிறகும் சில பழங்களில் அந்த இடம் முழுதாகச் சிவக்காது. பார்க்க அழகில்லை என்று நாம் ஒதுக்கிவிடுவோம். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

உலகம் முழுவதும் கடந்த 70 ஆண்டுகளாக, ஒரே சீராகச் சிவக்கும் தக்காளியைத்தான் ஆராய்ச்சியாளர்கள் தேடித் தேடி உருவாக்கினார்கள். அமெரிக்க விஞ்ஞானிகள் 2012-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பச்சைத் தோளுக்குக் காரணமான மரபணு, காயிலேயே பச்சையத்தைக் கூட்டி, வெயிலை வைத்துச் சர்க்கரை தயாரிக்க உதவுகிறதாம். பழத்தின் லைகோபீன் அளவிலும் அதற்குப் பங்கு உண்டு. அழகுக்காக அந்த மரபணு செயல்படாத ரகங்களைத் தேர்ந்தெடுத்தபோது ருசியும் கொஞ்சம் போய்விட்டது. 2017-ல் 398 ரகங்களை ஆராய்ந்தவர்களும், இன்றைய வணிக ரகங்களில் வாசனைக்கான பல பொருட்கள் குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள். ‘அந்தக் காலத்துத் தக்காளி ரசம் மாதிரி இல்லையே’ என்று பாட்டி சொல்வது வெறும் ஏக்கம் அல்ல!

சத்துக் கணக்கு

அதற்காக ஹைபிரிட் தக்காளியில் சத்தே இல்லை என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள். எந்தத் தக்காளியிலும் சுமார் 95 சதவிகிதம் தண்ணீர்தான். மிச்சத்தில் வைட்டமின் சி, பொட்டாசியம், நார்ச்சத்து, சிவப்பு நிறம் தரும் லைகோபீன் எல்லாம் உண்டு. ரகம், வெயில், எப்போது பறித்தார்கள் என்பதைப் பொறுத்து அளவு மாறும். செடியில் பழுத்த பழமும், லாரியில் பழுத்த பழமும் ஒன்றல்ல. சின்ன ரகங்களில் எடைக்குத் தோல் அதிகம். லைகோபீன் தோலில்தான் அதிகம். கோடையில் பழம் மஞ்சளும் ஆரஞ்சுமாக வருவதற்கும் காரணம் உண்டு. வெயில் 30 டிகிரியைத் தாண்டிப் போகும்போது லைகோபீன் உருவாவது தடைப்படுகிறது.

பனியன் கம்பெனிப் பெண்களுக்குத் தக்காளி முக்கியமாவது வேறொரு காரணத்துக்காக. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கும் மேல்! கீரை, ராகி, கொள்ளு, பயறு இவற்றில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் எளிதில் சேராது. அதே வேளைச் சாப்பாட்டில் வைட்டமின் சி இருந்தால் நன்றாகச் சேரும். தக்காளி அந்த வேலையைச் செய்யும். ஆனால் கொதிக்கக் கொதிக்க வைட்டமின் சி குறையும். எனவே, டிபன் பாக்ஸில் இரண்டு துண்டு பச்சைத் தக்காளியோ, தக்காளி வெங்காயத் தயிர்ப் பச்சடியோ இருக்கட்டும். (பச்சை என்றால் சமைக்காதது, காய் அல்ல.) சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம். டீ இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

லைகோபீன் கதை நேர்மாறு. எண்ணெயில் வதக்கினால்தான் அது நன்றாக உடம்பில் சேரும். ஆக, தக்காளித் தொக்கும் தேவை, பச்சடியும் தேவை.

விவசாயி ஏன் மாறினார்?

உடுமலை, பொங்கலூர், பல்லடம், குண்டடம் என்று நம்மைச் சுற்றித் தக்காளி விளைகிறது. உடுமலைச் சந்தையில் 14 கிலோ பெட்டிக் கணக்கில் ஏலம் போய், கேரளா வரை லாரி ஏறுகிறது. அந்தப் பயணத்தை மெல்லிய தோல் பழம் தாங்காது. அடியில் இருப்பது நசுங்கிவிடும். இலைச்சுருட்டு வைரஸ் வந்தால் பழைய ரகம் மொத்தமாகப் போய்விடும். நோய் தாங்கும் ஹைபிரிட் வந்ததும் விவசாயி அதற்கு மாறியதில் தப்பே இல்லை.

விலையும் அவர் கையில் இல்லை. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. வரத்து கூடிய மாதங்களில் பறிப்புக் கூலிகூடக் கட்டாமல், பழத்தைச் செடியிலேயே விடுகிறார்கள். இந்த நிலையில் நசுங்கும் பழத்தை யார் பயிரிடுவார்கள்?

ஒரே வழி, அருகிலேயே வாங்க ஆள் இருப்பது. லட்சக்கணக்கான அடுப்புகள் எரியும் திருப்பூர், இந்த வயல்களிலிருந்து ஓரிரண்டு மணி நேரத் தூரத்தில்தான் இருக்கிறது. 1999-ல் உழவர் சந்தைகள் வந்ததே விவசாயியும் நாமும் நேருக்கு நேர் நிற்பதற்காகத்தான். அங்கே விலை கேட்பதோடு நிறுத்தாமல், “என்ன ரகமுங்க? விதை நீங்களே எடுத்ததுங்களா?” என்றும் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அடுத்த பட்டத்தில் நாலு பாத்தியாவது மாறும்.

வீட்டில் செய்ய...

* நாட்டுப் பழத்தை மூன்று நாளைக்கு மட்டும் வாங்குங்கள். காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் தட்டில் பரப்புங்கள்.

* பழுக்காததை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். 12 டிகிரிக்குக் கீழே வாசனை போய்விடும். ஃபிரிட்ஜ் இல்லாத வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதில் நஷ்டமே இல்லை!

* மாடியில் தொட்டி வைக்க இடம் இருந்தால், வேளாண் பல்கலைக்கழக விதை விற்பனை மையத்தில் பி.கே.எம்.1 விதை கேட்டுப் பாருங்கள்.

* நன்றாகக் காய்த்த, நோயில்லாத செடியின் பழுத்த பழத்திலிருந்து விதையைச் சாறோடு ஒரு டம்ளரில் எடுங்கள். ஒன்றிரண்டு நாள் புளிக்க விட்டு, அலசி, நிழலில் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஒரே பழத்தில் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கும் அளவுக்கு விதை இருக்கும்.