அம்மாவின் உடம்பு இலவசமா?

"அம்மா இருக்கும்போது கூலிக்கு ஆள் எதுக்கு?" ஜொகூரில் பிள்ளை பெறும் தமிழ்ப் பெண், பத்தியம் பார்க்க ஆள் வைக்கப்போகிறேன் என்று வாய் திறந்தால் முதலில் வரும் கேள்வி இது. கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. கேள்விதான் கெட்டது. அம்மாவின் உடம்பு இலவசம் என்ற கணக்கு அதற்குள் ஒளிந்திருக்கிறது.

என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். அம்மாவுக்கு 57 வயது. இனிப்பு நீர், முட்டிவலி. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் இன்னும் ஷிப்ட் வேலை பார்க்கிறார். எனக்குப் பத்தியம் பார்க்க வேண்டுமானால் அவர் சம்பளமில்லாத விடுப்பு எடுக்க வேண்டும். மாமியார் ஏற்கெனவே இரண்டு பேரப்பிள்ளைகளை வளர்க்கிறார். கணவர் விடியற்காலை நாலரைக்கு மோட்டாரில் பாலம் தாண்டி சிங்கப்பூர் போனால், வீடு திரும்ப இரவு எட்டாகும். வேறென்ன செய்வது? மாசாயிலிருந்து ஓர் அக்காவை 28 நாளுக்கு அமர்த்தினோம். என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்குப் போனது.

"அந்தக் காலத்துல தோட்டத்துல இப்படியா? எல்லாரும் சேர்ந்து பாத்துக்கிட்டோம்" என்றார்கள் உறவினர்கள். அந்த "எல்லாரும்" யார்? லயத்தில் ஆண்கள் யாராவது பூண்டுக் குழம்பு வைத்தார்களா, ரத்தத்துணி அலசினார்களா? மருத்துவச்சிப் பாட்டியும் பக்கத்து வீட்டு அக்காவும்தான் பார்த்தார்கள், அதுவும் பால்மரம் வெட்டிவிட்டு வந்த கையோடு. பாட்டிக்கும் சும்மா அனுப்பியதில்லை. சேலை, அரிசி, வெற்றிலைபாக்கோடு காசு என்று ஏதாவது கொடுத்தார்கள். அதற்குக் கூலி என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். தாய் மறுபடி வெட்டுக்குப் போனதும் பிள்ளை ஆயாக் கொட்டகைக்குப் போனது. அந்த ஆயாவும் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்தானே! ஆக, காசு கொடுத்துப் பிள்ளை பார்க்க வைப்பது நமக்குப் புதிதல்ல. நாம் இழந்தது லயத்தை. தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புகளும் தொழிற்சாலைகளும் வந்தன. பக்கத்து வீட்டு அக்கா இப்போது வேறொரு அடுக்குமாடியில், வேறொரு ஷிப்டில் இருக்கிறார்.

இப்போது இதற்கு 'டூலா' என்று ஒரு பெயர் வந்திருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குத் துணை நிற்கும் பெண்ணைக் குறிக்க, மானுடவியலாளர் டானா ரஃபேல் 1973இல் தன் நூலில் கிரேக்கத்திலிருந்து எடுத்த சொல் இது. மூலமொழியில் அதன் பொருள் அடிமைப் பெண். ரோஜா நிறத்தில் விளம்பரம் போட்டு, மூலிகைக் குளியலோடு பேக்கேஜ் விற்கும் நிறுவனங்கள் இதைச் சொல்வதில்லை. எனக்கு அந்தப் பழைய பொருள் உறுத்துகிறது. ஏனென்றால் நம் சட்டத்தில் அது இன்னும் முழுசாகச் சாகவில்லை.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 1 ஜனவரி 2023 முதல் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. நல்ல காரியம். ஆனால் வீட்டுப் பணியாளர்களை அந்த மகப்பேறுப் பகுதியிலிருந்து அதே சட்டத்தின் முதல் அட்டவணை விலக்கி வைத்திருக்கிறது. இன்னொருத்தி வீட்டில் தங்கிப் பிள்ளையைக் குளிப்பாட்டும் பெண் தானே பிள்ளை பெற்றால், அந்த 98 நாள் அவளுக்குக் கிடையாது.

அப்பாக்களின் கதை என்ன? அதே திருத்தம் தகப்பனுக்கு 7 நாள் கொடுத்தது. பாலம் தாண்டி சிங்கப்பூர் முதலாளியிடம் வேலை செய்பவரை மலேசியச் சட்டம் எட்டாது. சிங்கப்பூர் அரசு சம்பளம் தரும் தந்தையர் விடுப்போ, குழந்தை அந்நாட்டுக் குடிமகனாக இருந்தால்தான். தினமும் பாலத்தில் நெரிபடும் ஜொகூர் அப்பாக்கள் பலருக்கு இந்தக் கரையிலும் இல்லை, அந்தக் கரையிலும் இல்லை. ஆனால் அதே சிங்கப்பூர், தன் பிள்ளைகளைப் பார்க்க மலேசியப் பெண்களை வரவேற்கிறது. 23 முதல் 70 வயது வரை உள்ள மலேசியப் பெண்ணுக்கு, பிரசவ நாளிலிருந்து 16 வாரம் வரை தனி வேலை அனுமதி தருகிறது. வெள்ளிக்கு ரிங்கிட் மாற்றிப் பார்த்தால் யார்தான் போகமாட்டார்கள்? எங்கள் அக்காவும் பல வருடம் போய் வந்தவர்தான். நான் குறை சொல்லவில்லை. பராமரிப்புக்கு ஒரு விலை இருக்கிறதென்று அந்தக் கரை ஒப்புக்கொண்டிருக்கிறது. நம் வீடுகள்தான் பாசம் பாசம் என்று பேரம் பேசுகின்றன.

காசு கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். பத்தியம் பார்ப்பவர் தாதி இல்லை. காய்ச்சல், நிற்காத உதிரப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்குவது, பிள்ளை மஞ்சளாவது, இதற்கெல்லாம் கஷாயம் பதிலாகாது. கிளினிக்குக்கு ஓட வேண்டும். "தண்ணி குடிக்காதே, உடம்பு ஊதிரும்" என்று பால் கொடுப்பவளைத் தாகத்தில் போடும் பத்தியத்தை யார் சொன்னாலும் கேட்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து பார்க்கும் அரசாங்கத் தாதி சொல்வதைக் கேட்பவரா என்று விசாரித்துவிட்டுத்தான் ஆள் வைக்க வேண்டும். வைத்தால் நேரம் பேசுங்கள், தூங்க இடம் கொடுங்கள், வாரம் ஒரு நாள் லீவு கொடுங்கள். என் பச்சை உடம்புக்கு ஓய்வு வேண்டுமென்று இன்னொருத்தியை 24 மணி நேரமும் நிற்க வைத்தால், நான் அம்மாவிடம் செய்ய மறுத்ததை அக்காவிடம் செய்கிறேன் என்று அர்த்தம். ஆள் வந்துவிட்டார் என்று கணவன்மார் போனைத் தூக்கிக்கொண்டு உட்காரவும் கூடாது. ராத்திரி பிள்ளையைத் தூக்க ஆண் கைக்கும் தெம்பு இருக்கிறது.

ஆனால் எனக்குச் சம்பளம் இருந்தது, கொடுத்தேன். இல்லாதவள்? இப்போதைய ஏற்பாட்டில் காசுள்ளவளுக்கு ஓய்வு, இல்லாதவளுக்குப் பாசம். பாசம் தீர்ந்த இடத்தில் மூணாம் நாளே துணி துவைப்பவர்களை நம் வீடமைப்புகளில் எல்லோரும் பார்த்திருக்கிறோம், பேசாமல் கடந்திருக்கிறோம். திருவிழாவுக்கு ஆயிரம் பேருக்கு அன்னதானம் போடும் கோயில் அடுப்பிலிருந்து, பிள்ளை பெற்ற ஒருத்திக்கு முப்பது நாள் சாப்பாடு போக முடியாதா? இந்திய மகளிர் பெயரில் சங்கம் நடத்துபவர்கள், முதல் அட்டவணையை மாற்று என்று நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுத முடியாதா? கேளுங்கள், வரும் ஆண்டுக் கூட்டத்திலேயே எழுந்து நின்று கேளுங்கள். தாய்மை பற்றி இன்னொரு கவிதை அதற்கப்புறம் எழுதிக்கொள்ளலாம்.