பாதியில் நின்ற பரிமாற்றம்

சி மொழியில் யுஎஸ்பி லைப்ரரி எழுதத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் திற, படி, எழுது, மூடு என்று நான்கு ஃபங்ஷன்களோடு ஆரம்பிக்கிறார்கள். கோப்பும் சீரியல் போர்ட்டும் பழகிய கைக்கு அது இயல்பு. மேசையில் ஒரு போர்டு, குட்டைக் கேபிள், எழுதியவரே சோதிப்பவர் என்றிருக்கும்வரை நான்கும் நன்றாகவே ஓடும். கருவி தொழிற்சாலைக்கும் ஆய்வகத்துக்கும் போன பிறகு புகார் வரும்: சில நேரம் டேட்டா விட்டுப்போகிறது. பழி முதலில் கேபிள் மேல் விழும், பிறகு ஃபர்ம்வேர் மேல். லைப்ரரியைச் சந்தேகிப்பவர் குறைவு. அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

யுஎஸ்பியில் கருவி தானாக டேட்டா அனுப்பாது. கணினி கேட்டால்தான் பதில் வரும். அந்தப் பதில் பாக்கெட்டுகளாக வரும். பல்க் எண்ட்பாயிண்ட்டில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு ஃபுல் ஸ்பீடில் 64 பைட், ஹை ஸ்பீடில் 512, சூப்பர் ஸ்பீடில் 1024. உச்ச அளவுக்குக் குறைந்த பாக்கெட் வந்தால் பரிமாற்றம் முடிந்தது என்று பொருள். இந்தப் பாக்கெட் முறையிலிருந்து இரண்டு ஆபத்துகள் கிளைக்கின்றன. ஹை ஸ்பீட் கருவியிடம் 100 பைட் மட்டும் கேட்டு, அது 512 பைட் பாக்கெட்டை அனுப்பினால், மிச்சம் அடுத்த முறைக்காகக் காத்திருக்காது. ஓவர்ஃப்ளோ பிழை வரும்; அந்த டேட்டாவை நம்ப முடியாது. படிக்கும் பஃபரின் அளவு பாக்கெட் அளவின் மடங்காகவே இருக்க வேண்டும்.

இரண்டாவது ஆபத்து இன்னும் நுட்பமானது. அதே ஹை ஸ்பீட் கருவியிடம் 1024 பைட் கேட்கிறோம். கருவியிடம் இருப்பது சரியாக 512. முழுப் பாக்கெட் ஒன்று வந்துவிட்டது, ஆனால் முடிவைக் காட்டும் சிறிய பாக்கெட் வரவில்லை. இந்த நிலைமைக்காகத்தான் ஃபர்ம்வேர் பூஜ்ய நீளப் பாக்கெட் ஒன்றை அனுப்ப வேண்டும். அது அனுப்பப்படாவிட்டால் கணினி காத்திருந்து டைம்அவுட் ஆகும். அப்போதும் அந்த 512 பைட் நம் பஃபருக்கு வந்து சேர்ந்திருக்கும். பலரும் அடித்தளமாகக் கொள்ளும் லிப்யுஎஸ்பி லைப்ரரி டைம்அவுட் பிழையைத் திருப்பித் தரும்போதே எத்தனை பைட் வந்தது என்பதையும் தனியே தெரிவிக்கிறது. அதன் மேல் எழுதப்படும் பல லைப்ரரிகளோ பிழைக் குறியைக் கண்டதும் மைனஸ் 1 என்று திருப்பிவிட்டு, அந்த எண்ணிக்கையைக் கைவிட்டுவிடுகின்றன. டேட்டா தொலைவது அங்கேதான்.

எழுதும் திசையில் விளைவு இன்னும் மோசம். டைம்அவுட் ஆன கட்டளையின் முதல் பாதி கருவியை அடைந்திருக்கலாம். லைப்ரரி அதைச் சொல்லாமல் தானே முழுவதையும் மறுபடி அனுப்பினால், கருவி முதல் பாதியை இருமுறை வாங்குகிறது. எதிர்முனையில் மோட்டார் இருந்தால் என்னவாகும் என்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பரிமாற்றத்தின் நிலையும் நகர்ந்த பைட்டுகளின் எண்ணிக்கையும் தனித்தனியாகத் திரும்ப வேண்டும். மறுமுயற்சியை அழைத்தவரே முடிவு செய்ய வேண்டும். ஸ்டால் நிலையையும் இப்படியே நடத்த வேண்டும். கருவி ஒரு கோரிக்கையை மறுத்திருக்கிறது என்பது பயனுள்ள செய்தி. லைப்ரரி கமுக்கமாக அந்த நிலையை நீக்கிவிட்டு மேலே போனால் அந்தச் செய்தி அழிந்துபோகிறது.

2008-இல் வெளிவந்த லிப்யுஎஸ்பி 1.0 அசிங்க்ரனஸ் முறையைக் கொண்டுவந்தது: பரிமாற்றத்தை ஒப்படைத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம், முடிந்ததும் கால்பேக் வரும். சி மொழிக்காரர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். ஒப்படைத்த பஃபர் அடகு வைத்த நகையைப் போல. கால்பேக் வந்து மீட்கும்வரை அதில் நமக்கு உரிமை இல்லை. ரத்து செய்யும் ஃபங்ஷன் வெறும் கோரிக்கையை வைத்துவிட்டு உடனே திரும்பிவிடும், ரத்தானது என்ற செய்தி பின்னர் கால்பேக்கில்தான் வரும். இடைப்பட்ட நேரத்தில் பஃபரை விடுவித்தால், விடுவித்த நினைவகத்தில் டேட்டா எழுதப்படும். கம்பைலர் எச்சரிக்காது. நூறு முறை ஒழுங்காக ஓடி அடுத்த முறை நிரல் சரியும். ஆகவே மூடும் வரிசை மாறக் கூடாது: நிலுவையில் உள்ள எல்லாவற்றையும் ரத்து செய், கடைசிக் கால்பேக் வரும்வரை ஈவென்ட் லூப்பை ஓட்டு, இண்டர்ஃபேஸை விடு, பிறகு மூடு. ஓடும்போது கேபிளைப் பிடுங்குவதும் இதே பாதையில்தான் முடிய வேண்டும். யுஎஸ்பியில் அது அன்றாட நிகழ்வு. அதற்குத் தனி அவசர வழி வைத்தால் அந்த வழி ஒருநாளும் சோதிக்கப்படாது.

கருவி தன்னைப் பற்றித் தரும் விவரங்களான டிஸ்கிரிப்டர்களை நாம் அளவுக்கு மீறி நம்புகிறோம். ஒவ்வொன்றின் முதல் பைட் அதன் நீளம். அதைக் கொண்டு அடுத்ததற்குத் தாவுவது வழக்கம். கருவி அங்கே 0 என்று தந்தால் முடிவில்லாச் சுழல், பெரிய எண்ணைத் தந்தால் பஃபருக்கு வெளியே வாசிப்பு. 2017-இல் சிஸ்காலர் என்ற ஃபஸ்ஸிங் கருவி லினக்ஸ் கெர்னலின் யுஎஸ்பி பகுதியில் டஜன் கணக்கில் பிழைகளைக் கண்டுபிடித்தது. பல்லாண்டு பலர் பார்த்த நிரலிலேயே அந்த நிலை. இரண்டு பைட் எண்களை ஸ்ட்ரக்ட் பாயிண்ட்டரை மாற்றி வாசிக்காமல், பைட் பைட்டாக எடுத்து லிட்டில் எண்டியன் முறையில் சேர்ப்பதே எந்தச் செயலியிலும் பாதுகாப்பு.

இன்னொரு சிறு விஷயம், நமக்கு நெருக்கமானது. கருவியின் பெயரைத் தமிழிலேயே வைக்க யுஎஸ்பி இடம் தருகிறது. எழுத்துகள் யுடிஎஃப்-16-இல் இருக்கும். தமிழுக்கான மொழிக் குறி பதினாறடிமானத்தில் 0449. ஆனால் லிப்யுஎஸ்பியின் ஆஸ்கி வாசிப்பு ஃபங்ஷன் தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் கேள்விக்குறியாக்கிவிடும். பெயரை முழுதாகத் தரும் ஃபங்ஷன் ஒன்றை உங்கள் லைப்ரரியில் சேருங்கள். சில வரி வேலைதான்.

யுஎஸ்பிஎஃப்எஸ், வின்யுஎஸ்பி, ஐஓகிட் என்று ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் அடித்தளத்தைப் புதிதாக எழுதுவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. லிப்யுஎஸ்பி அந்த உழைப்பை ஏற்கெனவே செய்திருக்கிறது. விசைப்பலகை வகைக் கருவிகளுக்கு ஹிட்ஏபிஐ இருக்கிறது. உங்கள் உழைப்பு உங்கள் கருவியின் புரோட்டோகாலுக்குச் சேரட்டும். லினக்ஸில் பயனரை சூடோ போடச் சொல்லாமல் அனுமதி தரும் யூடெவ் விதியைச் சேர்த்துக் கொடுங்கள்.

சோதிக்க வன்பொருள் இல்லை என்பது இனி காரணமாகாது. 2020-இல் வந்த லினக்ஸ் 5.7 முதல் ரா கேட்ஜெட், டம்மி எச்சிடி என்ற கெர்னல் மாட்யூல்கள் இரண்டையும் சேர்த்து ஒரே கணினிக்குள் பொய்க் கருவியை உருவாக்கலாம். அது சொன்னபடி தவறு செய்யும். பூஜ்ய நீளப் பாக்கெட்டை அனுப்பாத கருவி, நடுவில் மறையும் கருவி, 0 நீள டிஸ்கிரிப்டர் தரும் கருவி ஆகிய மூன்றையாவது எழுதி, நிரலோடு சேர்த்தே வெளியிடுங்கள். ஹெடர் கோப்பில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கு மேலும், டைம்அவுட் ஆனால் என்ன திரும்பும், பஃபர் அப்போது யாருடையது என்று எழுதிவையுங்கள். இவை இல்லாத லைப்ரரிக்கு 1.0 என்று எண் கொடுக்காதீர்கள்.